மெகராஜ் பேகத்திடம் ஒப்படைத்த மழை

என் மாமியாரிடம் எதைக் கொடுத்தாலும் கொடுத்தபடியே திரும்பி வரும் என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். அவரோடு ஒரே வீட்டில் மருமகளாக இருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய தொல்லை என்பது தெரியும்.

மெகராஜ் பேகம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்குப் பக்கத் தெருக்களில் தெரியாதவர்கள் இல்லை. வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். புருஷன் கண்ணில் படாமல் வைக்க வேண்டிய கம்மல், பங்காளிச் சண்டையில் கிழிந்துவிடக் கூடாத பத்திரம், எல்லாம் அவருடைய பீரோவில்தான் இருக்கும். ஒருமுறை எதிர்வீட்டுச் சண்முகத்தாய் தன் தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது ஒரு கோழியைக் கொண்டுவந்து விட்டாள். திரும்பி வந்தபோது மாமி கோழியோடு அது இட்ட முட்டைகளையும் எடுத்து நீட்டினார். இத்தனை நாளும் அந்த முட்டைகளைப் பார்த்துக்கொண்டே வெறும் ரசம் சாப்பிட்டவள் நான்.

"அமானிதம்டி" என்பார் மாமி. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அதை அப்படியே திருப்பிக் கொடுக்காவிட்டால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும். என் மாமனார் மதார் சாகிப் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வத்திராயிருப்பு, மகாராஜபுரம், சுந்தரபாண்டியம் என்று வியாபாரத்துக்குப் போனவர். வாடிக்கைப் பெண்கள் அவரை நம்பிக் கொடுத்துவைத்த பொருள்கள் ஏராளம். அவர் திடீரென்று மவுத்தாகிவிட்டார். கணவனை இழந்து வெளியே வராமல் இத்தா இருந்த நாட்களில், மாமி திரைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே வந்தவர்களிடம் அடையாளம் கேட்டு ஒவ்வொன்றையும் ஒப்படைத்தாராம். ஒரு மூக்குத்திகூட மாறிப் போகவில்லை. இத்தா முடிந்து அவர் வெளியே வந்தபோது, ஊரே மறுபடியும் பொருளோடு வாசலில் நின்றிருக்கிறது.

இப்படிப்பட்டவரிடம்தான் பொன்மணி மழையைக் கொண்டுவந்து ஒப்படைத்தாள்.

பொன்மணி ராஜபாளையத்துப் பெண். வடக்கே ஒரு வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் படிப்புக்கு மேல் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். மலையைப் பார்த்த மாதிரி, மறைப்பில்லாத ஒரு மாடி வேண்டும் என்று தெருத் தெருவாக அலைந்தாள். செல்போன் டவர் வைக்க வந்திருக்கிறாள் என்று எல்லோரும் விரட்டிவிட்டார்கள். எங்கள் வாசலுக்கு வந்தபோது பாவம், வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"மழைத் தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சுப் பத்திரமா வச்சுக் குடுக்கணும்மா. வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

பத்திரமா என்ற சொல்லைக் கேட்டதுமே மாமி எழுந்து மாடிக் கதவைத் திறந்துவிட்டார். வேண்டாம் என்று நான் கண்ணால் சொன்னதை அவர் பார்க்கவே இல்லை.

மாடியில் ஒரு கம்பத்தில் பெரிய புனலை மாட்டி, அதன் அடியில் மெல்லிய குழாயோடு ஒரு பாட்டிலை வைத்தாள். குழாய் அவ்வளவு மெல்லிசாக இருப்பதால் உள்ளே போன தண்ணீர் ஆவியாகி வெளியே வராதாம். மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் ஒரு பெட்டியை வைத்தாள். அது மாடியிலிருந்து ஒரு ட்யூப் வழியாகக் காற்றை இழுத்து, அதில் இருக்கும் நீராவியை லேசர் வைத்துப் பார்க்குமாம். பார்த்து என்ன செய்யும் என்று கேட்டேன். அங்கே ஆரம்பித்தது குழப்பம்.

தண்ணீரில் கனமான தண்ணீர், லேசான தண்ணீர் என்று இரண்டும் கலந்து இருக்கிறதாம். அதற்கு ஐசோடோப்பு என்று பெயர். கடலிலிருந்து வரும் மேகம் மலை ஏறும்போது கனமானதை முதலில் மழையாக இறக்கிவிடும். மிச்சம் இருக்கும் ஆவி லேசாகிக்கொண்டே போகும். பெரிய இடிமழை வந்தால், உச்சியில் இருக்கும் லேசான ஆவியைக் குளிர்ந்த காற்று கீழே தள்ளிக்கொண்டு வரும். எந்த இடிமழை ஆவியை எப்படி மாற்றுகிறது என்று கண்டுபிடித்தால், இந்த மலையில் எதிர்காலத்தில் மழை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும்.

"சதுரகிரி ஏறுதவிய பாதி வழியில கனமான பைய இறக்கி வச்சிட்டு ஏறுவாகல்ல, அதே மாதிரி" என்றாள் பொன்மணி.

"யாரு தாயி நிறுத்துப் பாத்தா?" என்றார் மாமி.

என் வீட்டுக்காரர் அன்சார் சிரித்தே விட்டார். எனக்கும் விளங்கவில்லை என்பதால் நான் சிரிக்கவில்லை. பார்த்தால் ஒரே தண்ணீர், குடித்தால் ஒரே தண்ணீர், அதில் எங்கே இருக்கிறது கனமும் லேசும்? வத்திராயிருப்பில் ஒரு பள்ளிக்கூட மாடியிலும் இதே மாதிரி ஒரு புனல் இருப்பதாகவும், இரண்டையும் ஒப்பிடுவதாகவும் சொன்னாள். போகும்போது மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு சொட்டு வீணாகக் கூடாதும்மா, வேற எதுவும் கலந்துரவும் கூடாது" என்றாள். இவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமா?

அன்றிலிருந்து எங்கள் மாடி எங்களுடையதாக இல்லை. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தால் மாமி முட்டுவலியோடு படியேறிப் போய்ப் புனலைச் சரிபார்த்துவிட்டு வருவார். யாரையும் தொட விடமாட்டார். அமானிதத்தைக் கை மாற்றக் கூடாதாம். கோடை மழை எல்லாம் சாயங்காலம்தான் வரும். மழை விட்டதும் இருட்டில் வழுக்கும் படியில் அவரால் ஏற முடியாது. அதனால் காலைத் தொழுகை முடிந்த பிறகு போய், பெரிய பாட்டில் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, இறுக்கி மூடி, பீரோவில் கம்மல்களுக்குப் பக்கத்தில் வைப்பார். பொன்மணி அவ்வப்போது பகலில் ராஜபாளையத்திலிருந்து வந்து எடுத்துப் போவாள். வரும்போது மாமிக்குப் பிடிக்கும் என்று பால்கோவா வாங்கி வருவாள். மகளும் தாயும் போலத்தான் இருந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் பொன்மணி பால்கோவா இல்லாமல் வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"அம்மா, தப்பா நெனைக்கக் கூடாது. சின்ன மழை பேஞ்சா பாட்டில்ல கொஞ்சந்தான் இருக்கும். கொறவா இருக்கேன்னு நெனச்சுக் குழாத் தண்ணி ஏதும் ஊத்தி வச்சியளா?"

மாமிக்குக் கேட்டது புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. "தண்ணியில தண்ணி கலந்தேன்னு சொல்லுதியா?" என்றார்.

பொன்மணி அழுவதுபோல விளக்கினாள். பெட்டி சொல்கிறது ஆவி லேசாகிவிட்டது என்று. வத்திராயிருப்புப் பாட்டிலும் அதையேதான் சொல்கிறது. எங்கள் பாட்டில் மட்டும், கண்மாயில் வெயில் பட்டுக் கிடந்த தண்ணீர் மாதிரி கனமாக இருக்கிறது. அதுவும் சின்ன மழைகளில் மட்டும். பெரிய மழைப் பாட்டில்களில் ஒரு கோளாறும் இல்லை. குறைவாக இருக்கும்போது யாரோ ஊற்றி நிரப்புகிறார்கள் என்று அவளுடைய பேராசிரியர் முடிவே கட்டிவிட்டார். இது சரியாகாவிட்டால் எங்கள் மாடியை மூடிவிட்டு, அத்தனை பாட்டில்களையும் கணக்கில் சேர்க்காமல் கொட்டிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அவளுடைய படிப்பே அதில்தான் இருக்கிறது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாலில் தண்ணீர் கலந்த வழக்கைக் கேள்விப்பட்டிருக்கிறேன். தண்ணீரில் தண்ணீர் கலந்ததாக முதல் வழக்கு எங்கள் வீட்டின் மேல்தான். "ஊரே நம்புற மனுசிய நீ மட்டும் எப்படிக் கேக்கலாம்?" என்று கத்திவிட்டேன். மாமி என்னை அடக்கினார். பொன்மணி அழுதுகொண்டே போனாள்.

அன்று மாமி சாப்பிடவில்லை. மறுநாள் மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"தொவச்ச துணிய எங்க மாமி காயப் போட?" என்றேன்.

"வாசல்ல போடு."

"எதுக்குப் பூட்டு?"

அவர் என்னைப் பார்க்காமல் அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீட்ல மூணு பேருதான் இருக்கோம். நான் ஊத்தல."

அந்தச் சொல் நேரே என் நெஞ்சில் வந்து விழுந்தது. இத்தனை வருடம் ஒரே பானையில் சோறு தின்றிருக்கிறோம். ஊரில் உள்ள எவளுடைய கோழியையும் நம்பியவர் என்னை நம்பவில்லை. அதற்காகச் சண்டை போடவும் முடியவில்லை. அவர் ஊற்றவில்லை என்றால் ஊற்றியது யார்? ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடும் சாக்கில் அன்சார் தெறிக்க விட்டிருப்பாரோ என்று நான் அவரைப் பார்த்தேன். துணி அலசிய வாளியை நான் இடறியிருப்பேனோ என்று அவர் என்னைப் பார்த்தார். பெட்டிதான் பொய் சொல்கிறது என்று ஒரு நாள் தோன்றும். பெட்டிக்குப் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று மறுநாள் தோன்றும். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தோம்.

ஒரு மத்தியானம் மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏட்டி பர்வீன், நான் ஒறக்கத்துல எந்திரிச்சுப் போய் ஊத்தியிருப்பனோ?" என்று கேட்டார். கோபம் இருந்தும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சின்ன மழைகள் தொடர்ந்தன. பாட்டில்கள் கனமாகவே இருப்பதாகப் பொன்மணி போனில் சொன்னாள். பூட்டுப் போட்ட பிறகும் அப்படித்தான் என்று தெரிந்ததும் என் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். தீர்ந்ததா என்று மாமி சொல்லவில்லை. பூட்டையும் எடுக்கவில்லை. முந்தானைச் சாவியைத் தடவிக்கொண்டே பிரமை பிடித்தவர்போல உட்கார்ந்திருந்தார். பூட்டிய மாடியில் யார் போய்க் கலப்பார்கள்? ஜின் பூதமா?

கடைசியில் பொன்மணியே ஒரு சாயங்காலம் வந்தாள். மலைமேல் மேகம் கட்டியிருந்தது. "இன்னைக்கு இங்கயே தங்குறேம்மா. மழை தொடங்குறதுல இருந்து பாட்டிலு மூடுற வரைக்கும் கூடவே இருந்து பாக்குறேன்" என்றாள். அவளுக்கும் தூக்கம் போயிருந்தது தெரிந்தது. மாமி பாயை விரித்துவிட்டு, பொன்மணி படிக்குக் கீழே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வழக்கம்போல மேலே போய்ப் புனலைச் சரிபார்த்துப் பூட்டிவிட்டு வந்தார்.

மழை வந்தது. பெரிதாக இல்லை, பத்துத் தூறலும் நாலு இடியுமாக வந்து ஓய்ந்தது. பொன்மணி என்னைப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்துத் திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். குளிர்காற்று வீசியதும் கோடு சரிந்து இறங்கியது. மலை உச்சியிலிருந்த ஆவி எங்கள் மாடிக்கு வந்துவிட்டது என்றாள். எனக்குப் புல்லரித்தது. புரிந்ததா என்று கேட்டால் இல்லை.

விடிந்ததும் மாமி பூட்டைத் திறந்தார். தேநீர் டம்ளரோடு பொன்மணியும் பின்னால் ஏறினாள், நானும் போனேன். புனலின் மேல் நாலாக மடித்த வெள்ளைப் பேண்டேஜ் துணி கட்டியிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அன்சாருக்கு ராஜபாளையம் பக்கம் ஒரு பேண்டேஜ் மில்லில் வேலை. ஓரம் பிசகிய துணியை மில்லில் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் பால் சட்டிக்கு மூடி அதுதான், இடியாப்ப மாவு சலிப்பதும் அதில்தான், மாமியின் பீரோவில் கம்மல்களைச் சுற்றியிருப்பதும் அதுதான். புனலுக்கு மேலே மாமி அதைக் கட்டியிருப்பதை நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எங்கள் கண்ணுக்கு அது ஒரு பொருளாகவே படவில்லை. பொன்மணி வரும் நேரத்தில் அது துவைத்துக் கொடியில் மற்றத் துணிகளோடு காய்ந்துகொண்டிருக்கும்.

"அம்மா, அது என்ன?" என்றாள் பொன்மணி.

"துணி தாயி. தூசி தும்பு விழுந்துரக் கூடாதுல்ல. புண்ணுல கட்டுற துணி, அம்புட்டுச் சுத்தம்."

சொல்லிக்கொண்டே மாமி முடிச்சை அவிழ்த்து, துணியைப் புனலுக்கு மேலேயே பிடித்து, விரல் விரலாக முறுக்கிப் பிழிந்தார். அதில் இருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. "பாரு, நீ சொன்ன மாதிரியே. ஒரு சொட்டு வெளிய விடமாட்டேன்" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிந்தது.

பொன்மணி டம்ளரோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மயக்கம் என்று நினைத்து நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், மறுபடி சிரித்தாள்.

"ஈரத்துணி காயுறப்ப லேசான தண்ணிதாம்மா மொதல்ல பறக்கும். கனமானது துணியில தங்கிரும். ராத்திரி பூரா காத்துல கெடந்த துணிய நீங்க காலையில பிழிஞ்சு உள்ள விட்டிருக்கிய. பெரிய மழையில பாட்டிலு நெறஞ்சிரும், துணித் தண்ணி தெரியாது. சின்ன மழையில பாதிக்குப் பாதி துணித் தண்ணிதான். யாரும் எதையும் கலக்கலம்மா. யாரும் பொய் சொல்லல!"

அவள் உடனே பேராசிரியருக்குப் போன் போட்டாள். பெரிய மழைப் பாட்டில்களை வைத்துக்கொள்ளலாம், சின்ன மழைப் பாட்டில்களை மட்டும் கொட்டினால் போதும், மாடியை மூட வேண்டாம் என்று முடிவானது. எனக்கும் பெரிய பாரம் இறங்கியது. திரும்பிப் பார்த்தால் மாமி அந்த ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப அது நான்தான்" என்றார்.

"நீங்க வேணும்னு செய்யலையேம்மா."

"திருடன் தொட்டாலும் கெட்டுச்சு, நான் மூடினாலும் கெட்டுச்சு. குடுத்தவளுக்கு என்ன வித்தியாசம் தாயி? பொறுத்துக்க."

பொன்மணி எவ்வளவோ சொல்லியும் அவருக்கு ஆறவில்லை. அவள் போனதும் பீரோவைத் திறந்து எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துப் பார்த்தார். எதை எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறேனோ என்றார். எல்லாம் வைத்தபடியேதான் இருந்தன. ஆனாலும் உரியவர்களைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். வந்தவர்கள் தாங்கள் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் திகைத்தார்கள். சண்முகத்தாய்க்கு நான்தான் கதையைச் சொன்னேன். கனம், லேசு, ஆவி என்று நான் உளறியதை எல்லாம் அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"யக்கா, என் கம்மல் என்ன ஆவியாவா போயிரும்?" என்று கேட்டுவிட்டு, கம்மல் முடிச்சை ஜன்னலில் வைத்துவிட்டு ஓடியே போனாள். மாமி அதைத் தொடவில்லை. நான்தான் எடுத்து பீரோவில் வைத்தேன்.

பொன்மணி மறுபடி வந்து புது பாட்டில் வைத்தாள். இனிமேல் புனல் திறந்தே கிடக்க வேண்டும், இலை விழுந்தாலும் காக்கை எச்சம் விழுந்தாலும் கை வைக்கக் கூடாது, காலையில் நேராகச் சின்ன பாட்டிலில் ஊற்றி மூடினால் போதும் என்றாள். மாமி தலையை ஆட்டினார். எதையும் மூடாமல் எப்படிக் காப்பாற்றுவது என்று அவருக்கு விளங்கவே இல்லை. அவருடைய வாழ்க்கை முழுக்க மூடித்தானே காத்திருக்கிறார்.

அடுத்த மழை இருட்டிக்கொண்டு வந்தபோது மாமி மாடிப்படியின் மேல்படியில் போய் உட்கார்ந்தார். நானும் போனேன். காற்று அடித்தது. பக்கத்து வீட்டு வேப்பமரத்திலிருந்து சருகு பறந்து வந்து புனலில் விழுந்தது. மாமியின் கை தோளுக்குப் போனது. அங்கே நாலாக மடித்த பேண்டேஜ் துணி இருந்தது. பழக்கத்தில் எடுத்து வந்திருக்கிறார்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து மாடிச் சாவியை எடுத்து, துணியையும் சாவியையும் சேர்த்து என் கையில் வைத்தார்.

"ஏட்டி பர்வீன், இதை நீ வச்சுக்க. செத்த நேரத்துல நானே கேப்பேன். கேட்டாலும் குடுக்காத."

நான் வாங்கிக்கொண்டேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு ஊசியைக்கூட ஒப்படைத்ததில்லை.

"அமானிதம்டி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மழை விழ ஆரம்பித்தது. புனலில் இன்னும் ஒரு சருகு விழுந்தது, ஒரு குச்சியும் விழுந்தது. மாமி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், எழுந்தார், உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "குடுட்டி" என்றார். துணியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், கொடுக்கவில்லை.